பச்சைப் பைப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை? பல்லூடகப் பிரச்சினைவழிக் கற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலவகை மாணவர் இருக்கும் வகுப்பறைக்கு ஆசிரியர்களைத் தயார்படுத்த, யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் சில வருடங்களாக இந்த முறையில் கற்பித்து வருகிறேன். விரிவுரையாளர்கள், ஆசிரிய ஆலோசகர்கள், அதிபர்கள், பயிற்சியில் இருக்கும் ஆசிரிய மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். ஆட்கள் அதிகம் தடுமாறும் இடங்கள் அவைதான்.

இது என்ன முறை?

ஒரு வகுப்பறையில் நடக்கும் சிக்கலை வீடியோ, குரல்பதிவு, பிள்ளையின் கொப்பியைப் பிடித்த படம், புள்ளி இடாப்பு என்று பல வடிவங்களில் ஆசிரிய மாணவர்கள் முன் வைக்கிறோம். விடை சொல்வதில்லை. ஐந்தாறு பேர் கொண்ட குழு அதைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று யோசித்து, தங்களுக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடித்து, அதைத் தேடிப் படித்து வந்து, மறுபடியும் அதே பிள்ளையைப் பார்க்கிறது. பாடம் முதலில், பயிற்சிக் கணக்கு பிறகு என்ற வழக்கமான ஒழுங்கு இங்கே தலைகீழாகிறது. பிரச்சினை முதலில் வரும். அதைத் தீர்க்கப் போகும்போதுதான் பாடம் தேவைப்படும்.

இது எங்கிருந்து வந்தது?

மருத்துவக் கல்வியிலிருந்து. எங்கள் சனம் நிறைய வாழும் ரொறன்ரோவிலிருந்து அதிக தூரமில்லாத ஹமில்டன் நகரில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1969இல் தன் முதல் தொகுதி மாணவர்களுடன் இப்படித் தொடங்கியது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று வருடக்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டு நோயாளியிடம் போவதற்குப் பதிலாக, முதல் நாளே ஒரு நோயாளியின் கதையோடு மாணவர்களை உட்கார வைத்தார்கள். ஹவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 1974இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் தொடங்கிய மருத்துவ பீடம் இதை ஏழு படிகளாக ஒழுங்குபடுத்தியது.

ஆசிரியப் பயிற்சிக்கு இது பிறகுதான் வந்தது. அமெரிக்காவில் விஸ்கொன்சின், ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களில் வகுப்பறை வீடியோக்களையும் இணையக் குழு வேலையையும் சேர்த்துப் பயிற்சி ஆசிரியர்களுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி ஆசிரிய மாணவர் பிள்ளையைப் பார்ப்பது என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அந்த ஒப்பீடு முழுதாகப் பிடிப்பதில்லை. பிள்ளை நோயாளி இல்லை. பல நேரம் சிக்கல் பிள்ளையிடம் இருக்காது, நாங்கள் கற்பிக்கும் விதத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் இந்த முறை இடம் கொடுக்கிறது என்பதால்தான் நான் இதைக் கைவிடவில்லை.

"பலவகை மாணவர்" என்றால் விசேட தேவையுடைய பிள்ளைகளா?

அவர்களும்தான். ஆனால் எங்கள் வகுப்பறைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தீவகத்தில் இரண்டு மூன்று தரங்களை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்திருக்கிறார். கரையோரக் கிராமத்தில் விடிய வலையிலிருந்து மீன் பிரித்தெடுத்துவிட்டு வரும் பிள்ளை இரண்டாம் பாடவேளையில் தூங்கிவிடுகிறது. இந்தியாவில் முகாமில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்த பிள்ளை பேசும் தமிழைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு. போரில் தகப்பனை இழந்து, தாய் தனியே வளர்க்கும் பிள்ளை. எழுத்துகள் இடம்மாறித் தெரியும் பிள்ளை. ஓர் இடத்தில் இருக்க முடியாத பிள்ளை. எல்லாம் விளங்கிவிட்டதால் சலித்துப்போய்க் குழப்படி செய்யும் பிள்ளையும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஒரு தரம் நாலு வகுப்பில் இதில் நாலைந்து வகை சேர்ந்தே இருக்கும்.

விசேட கல்வி அலகும் தனிப் பாடசாலைகளும் இருக்கும்போது பொது ஆசிரியருக்கு ஏன் இது?

கைதடி நவீல்ட் பாடசாலையும் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையும் செய்யும் வேலையின் பெறுமதி இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே போகும் பிள்ளை ஏற்கனவே யாரோ ஒருவரால் அடையாளம் காணப்பட்ட பிள்ளை. அடையாளம் காணப்படாத பிள்ளை உங்கள் வகுப்பில் மூன்றாவது வாங்கில் இருக்கிறது.

1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் வெளியான பிரகடனம், எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பாடசாலையே ஏற்கவேண்டும் என்ற உட்படுத்தல் கல்விக் கொள்கையை உலகின் முன் வைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தி ஏற்றுக்கொண்டது. ஆகவே உட்படுத்தல் கல்வி இனி விரும்பினால் செய்யும் தர்மகாரியம் இல்லை. முதலில் பிள்ளையைக் கவனிக்க வேண்டியவர் வகுப்பாசிரியர்.

எழுதிய ஒரு கதையைக் கொடுத்தால் போதாதா? வீடியோ ஏன்?

எழுதும்போதே எழுதுபவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். "கவனக்குறைவான மாணவி ஒருத்தி" என்று ஒரு வரி எழுதியவுடன் வாசிப்பவரின் தேடல் முடிந்துவிடுகிறது. வீடியோவில் பிள்ளை வெறுமனே இருக்கிறாள். பென்சிலைக் கடிக்கிறாள், பக்கத்தில் பார்க்கிறாள், யன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். அதைக் "கவனக்குறைவு" என்று பெயரிடுவது பார்ப்பவர். அந்தப் பெயரிடல்தான் நாங்கள் பிடிக்க விரும்பும் கணம்.

இன்னொன்று, வீடியோவைத் திரும்பப் பார்க்கலாம். உண்மையான வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு நொடியில் கடந்துபோகும் விஷயத்தை இங்கே நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மூன்று தரம் பார்க்கலாம். நான் கண்டதில் இரண்டாவது தரம் பார்ப்பதற்கும் முதல் தரம் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்.

ஒரு பிரச்சினைக்கான வீடியோ, படம், குரல்பதிவு எல்லாம் சேர்ந்ததைத் தொகுதி என்கிறோம். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் தொகுதியையே சொல்கிறேன். ஆசிரிய மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் "பச்சைப் பை".

முதலில் ஏழு நிமிட வீடியோ. தரம் நாலு, தமிழ்ப் பாடம், சொல்வதெழுதல். யன்னலோரமாக மூன்றாவது வாங்கில் பச்சைப் புத்தகப் பையோடு ஒரு பிள்ளை. ஆசிரியர் சொல்லைச் சொல்கிறார். மற்றவர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். இவள் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துவிட்டு எழுதுகிறாள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே ஏதோ சொல்கிறார். வகுப்பே சிரிக்கிறது. இவள் சிரிக்கவில்லை. இரண்டு நொடி கழித்து மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். வெளியே ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போகிறது. அவ்வளவுதான்.

வீடியோ முடிந்தவுடன் குழு என்ன சொல்லும் தெரியுமா? அநேகமாக ஒவ்வொரு முறையும் இதே மூன்று வார்த்தைகள்: பராக்கு, பார்த்தெழுதும் பழக்கம், வீட்டில் கவனிப்பில்லை. நான் மறுப்பதில்லை. பலகையில் நாலு நிரல் கீறியிருக்கும்: கண்டவை, ஊகங்கள், அறிய வேண்டியவை, செய்ய வேண்டியவை. பரோஸ் மருத்துவ மாணவர்களுடன் பயன்படுத்திய அமைப்புத்தான். "பராக்கு" என்று ஒருவர் சொன்னால் எந்த நிரலில் எழுதுவது என்று மட்டும் கேட்பேன். அவர் "கண்டவை" என்பார். "கண்ணால் கண்டது என்ன?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "யன்னலைப் பார்த்தவள்" என்பார். சரி, யன்னலைப் பார்த்தது முதல் நிரலுக்கு, பராக்கு இரண்டாம் நிரலுக்கு. முழுப் பயிற்சியும் இந்த ஒரு நகர்த்தலில் இருக்கிறது என்றே சொல்வேன்.

இரண்டாம் நாள் கொப்பியின் படங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கம் சுத்தமாக இருக்கிறது. எழுத்து அழகு, பிழையே இல்லை. சொல்வதெழுதல் பக்கத்தில் "மாலை" என்ற சொல்லுக்குப் "பாலை" என்று எழுதியிருக்கிறாள். "மயில்" என்பதற்குப் "பயில்". "பாடம்" என்பதற்கு "மாடம்". இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் குழு அநேகமாக வாசிப்பு இடர்பாடு என்ற பக்கம் தாவும். அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: அப்படியென்றால் பார்த்தெழுதும் பக்கம் எப்படி இவ்வளவு சுத்தம்?

அதற்குப் பிறகு வரும் அமைதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் மெல்லத் தன் வாயால் "மாலை, பாலை" என்று சொல்லிப் பார்ப்பார். பக்கத்திலிருப்பவர் அவர் உதட்டைப் பார்ப்பார். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கிறது. சத்தத்தை எடுத்துவிட்டால் இரண்டு சொல்லும் ஒன்றுதான். பிள்ளை காதால் கேட்டு எழுதவில்லை, உதட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். உடனே எல்லோரும் வீடியோவைத் திரும்பப் போடச் சொல்வார்கள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவள் தலை குனிவது இப்போது தெரியும். முதல் நாளும் அது அதே வீடியோவில் இருந்தது.

பிறகு அம்மம்மாவின் குரல்பதிவு, ஒரு நிமிடம். "சின்னனிலை காதுக்குள்ளை இருந்து சீழ் வடியும். தடிமன் வந்தால் கூடிப்போம். எண்ணெய் காய்ச்சி விட்டனாங்கள், நிண்டிட்டுது." அதோடு புள்ளி இடாப்பு. மூன்றாம் தவணையில் புள்ளி விழுந்திருக்கிறது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தடிமன் காலமும் அதுதான்.

இந்த இடத்தில் குழுவுக்கு உண்மையாகவே படிக்க வேண்டியிருக்கிறது. நடுச்செவித் தொற்று என்றால் என்ன, கேட்டல் குறைவு ஏன் கூடிக் குறைகிறது, வகுப்பில் எங்கே உட்கார வைப்பது, யாரிடம் அனுப்புவது. நூலகத்துக்குப் போகிறார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கிறார்கள், விசேட கல்வி ஆசிரியரைத் தேடிப் பேசுகிறார்கள். நான் இரண்டு மணித்தியாலம் விரிவுரை செய்திருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அப்படியானால் ஆசிரியர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஆசிரியர் கவனித்ததைத் திகதியோடு எழுதி, பெற்றோரோடு பேசி, பாடசாலை மருத்துவப் பரிசோதனை மூலமோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக் மூலமோ பார்க்கும்படி சொல்லலாம். காதில் என்ன என்று சொல்வது வைத்தியரின் வேலை. ஆனால் வைத்தியரின் பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன. பிள்ளையை முன்வாங்குக்கு மாற்றுவது, கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பேசாமல் விடுவது, யன்னலுக்கு முதுகு காட்டி நிற்காமல் முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்பது, முக்கியமான சொல்லைச் சொன்ன பிறகு எழுதியும் காட்டுவது. இதற்கு எந்த அனுமதிக் கடிதமும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

விரிவுரையாளர் சும்மா இருப்பதா?

பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் விரிவுரையைவிட இது கஷ்டம். விடை தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் முதலில் தயாரித்த தொகுதி தோற்றதற்கு இதுதான் காரணம். வீடியோவில் பின்னணிக் குரலாக நானே பேசியிருந்தேன். "இந்தப் பிள்ளையின் உதடுகளைக் கவனியுங்கள்" என்று ஒரு வரி. பத்து நிமிடத்தில் எல்லாக் குழுக்களும் விடையோடு வந்துவிட்டார்கள். எல்லாம் சரியான விடை. ஒருவரும் எதையும் தேடவில்லை. அன்று இரவே பின்னணிக் குரலை அழித்தேன்.

கேள்வி கேட்பதுதான் வேலை. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?", "வேறு விளக்கம் இருக்க முடியாதா?", "இதை யாரிடம் கேட்டால் தெரியும்?" என்ற மூன்று கேள்விகளே முக்கால்வாசி நேரத்துக்குப் போதும். குழு அடியோடு வழி தவறினால் மட்டும் அடுத்த ஆவணத்தைக் கொஞ்சம் முந்திக் கொடுப்பேன்.

குழுவில் ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்?

எழுதுபவர், வழிநடத்துபவர், சந்தேகம் கிளப்புபவர் என்று பொறுப்புக் கொடுத்து ஒவ்வொரு அமர்விலும் மாற்றுங்கள். அதிகம் பேசுபவரைச் சந்தேகம் கிளப்புபவராகப் போட்டால் நன்றாகச் செய்வார். வீடியோ பார்த்தவுடன் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் தனித்தனியே எழுத விடுவதும் உதவும்.

பாடத்திட்டம் முடியாதே?

நியாயமான பயம். ஒரு தொகுதிக்கு மூன்று அமர்வு, இடையில் ஒரு கிழமை தேடல் நேரம் என்று நான் வைக்கிறேன். அதே நேரத்தில் விரிவுரையில் நாலு தலைப்பு ஓடிவிடலாம். ஆகவே எல்லாத் தலைப்பையும் இப்படிச் செய்ய முயலாதீர்கள். ஒரு தவணைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. பெயர்கள், சட்டங்கள், சுற்றறிக்கைகள் போன்றவற்றை நேராகச் சொல்லிக்கொடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை.

கல்வியியற் கல்லூரியின் மூன்று வருடப் பயிற்சியில் கடைசி வருடம் பாடசாலைக் கட்டுறுபயிற்சி. அதற்கு முந்திய தவணையில் வைத்தால் நல்ல பலன், ஏனென்றால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் உண்மையான வகுப்பில் நிற்கப் போகிறார்கள்.

2007 முதல் 5E என்று படிக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள், ஒன்றல்ல. 5E என்பது ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில் ஒரு பாடத்தைத் திட்டமிடும் ஒழுங்கு. அதில் ஆசிரியருக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் தெளிவாகத் தெரியும், மாணவரும் அங்கேதான் வந்து சேர வேண்டும். இங்கே எதைப் படிக்க வேண்டும் என்பதையே குழு தீர்மானிக்கிறது. 5Eஇல் பழகியவர்களுக்குக் குழுவேலை புதிதில்லை, அது பெரிய உதவி.

நுண்கற்பித்தலிலும் வீடியோ எடுக்கிறோமே?

1960களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நுண்கற்பித்தலில், அதாவது ஆசிரிய மாணவர் ஒரு சின்னப் பாடத்தைக் கற்பித்துப் பழகுவதில், கமரா ஆசிரியரைப் பார்க்கிறது. குரல் போதுமா, கேள்வி சரியா என்று திருத்துகிறோம். இங்கே கமரா பிள்ளையைப் பார்க்கிறது. இரண்டும் தேவை.

வெளிநாட்டில் செய்த நல்ல தொகுதிகள் இருக்கின்றன. மொழிபெயர்த்தால் போதாதா?

அமைப்பைப் படிக்கலாம். அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஐரிஸ் மையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் தொகுதிகள் எனக்கே நிறையக் கற்றுத் தந்தவை. முதலில் ஒரு சவால், பிறகு உங்கள் முதல் எண்ணம், பிறகு வளங்கள், பிறகு சோதனை, கடைசியில் முதல் எண்ணத்துக்குத் திரும்புதல் என்று போகும். முதல் எண்ணத்தை எழுதிவைத்துவிட்டுப் பிறகு அதையே திரும்பப் பார்ப்பது அங்கிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம்.

உள்ளடக்கத்தை அப்படியே எடுக்க முடியாது. ஆங்கிலப் பிள்ளை வாசிப்பில் தடுமாறும் இடமும் தமிழ்ப் பிள்ளை தடுமாறும் இடமும் வேறு. எங்கள் எழுத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. "கேணி" என்று எழுதும்போது பிள்ளை முதலில் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ககரத்தை எழுதுகிறது. "கொக்கு" என்றால் ஒரே உயிரொலி ககரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ல, ள, ழ மூன்றையும் ன, ண, ந மூன்றையும் வீட்டுப் பேச்சில் எல்லோரும் பிரித்துச் சொல்வதில்லை. அதற்கு மேல், பிள்ளை வீட்டில் "வந்தவை" என்று கேட்டதைப் புத்தகம் "வந்தார்கள்" என்கிறது. இதெல்லாம் தெரியாத தொகுதி, எங்கள் பிள்ளையின் சாதாரணப் பிழையைக் குறைபாடு என்றும் உண்மையான இடர்பாட்டைச் சோம்பல் என்றும் காட்டிவிடும். ஆகவே சொந்தத் தொகுதி வேண்டும்.

பிள்ளைகளை வீடியோ எடுக்கலாமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கும்போது எனக்கு நிம்மதி. கேட்காமலே எடுப்பவர்கள்தான் அதிகம்.

தொடக்க காலத்தில் நாங்களும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி உண்மையான வகுப்பில் எடுத்தோம். பயிற்சிக்கு மட்டும் என்றுதான் சொல்லியிருந்தோம். ஒரு நாள் ஒருவர் நாற்பது நொடித் துண்டொன்றைத் தன் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, "எங்கள் இன்றைய பாடம்" என்று பெருமையாகத்தான் போட்டார். பின்னேரத்துக்குள் அது அந்தப் பிள்ளையின் ஊருக்கே வந்துவிட்டது. அடுத்த நாள் காலை தாய் வந்தார். சத்தம் போடவில்லை. போனை நீட்டி, "ரீச்சர், இதிலை என்ரை பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கினம் எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். கீழே யாரோ ஒரு சொல் எழுதியிருந்தார்கள். அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

அன்றோடு நிறுத்தினோம். இப்போது எங்கள் தொகுதிகளில் வருவது நடிப்பு. பச்சைப் பைப் பிள்ளையும் நடித்த பிள்ளைதான். வெவ்வேறு பாடசாலைகளில் வெவ்வேறு காலத்தில் கவனித்தவற்றைச் சேர்த்து, யாரென்று தெரியாதபடி மாற்றி எழுதிய கதை. கொப்பிப் பக்கமும் அதற்காக எழுதியது, அம்மம்மாவின் குரலும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை பேசியது. இதை முதல் நாளே ஆசிரிய மாணவர்களிடம் சொல்லிவிடுவோம். நடிப்பு என்று தெரிந்தால் அக்கறை குறையும் என்று பயந்தோம். குறையவில்லை.

நடிக்கும் பிள்ளைக்கும் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் அழிக்க வேண்டும். வீடியோவை ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்காமல் வகுப்பறைக் கணினியில் மட்டும் வைப்பது நல்லது. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தாயின் முகம் எனக்குப் போதும்.

புரொஜெக்டரும் இணையமும் இல்லாத இடத்தில்?

ஒரு போனும் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் இருந்தால் ஆறு பேர் கொண்ட குழுவுக்குக் காணும். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் வெட்டிய நாட்களில் சார்ஜ் பண்ணிய போனோடும் அச்சடித்த கொப்பிப் படங்களோடும் மாமரத்தின் கீழ் இதைச் செய்திருக்கிறோம். சில விஷயங்களுக்கு வீடியோவே வேண்டாம். தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளையைக் குரல்பதிவாகக் கேட்பது வீடியோவைவிடக் கூர்மையாக இருக்கும், பிள்ளையின் முகமும் வெளியே போகாது.

பார்வை, கேட்டல் குறைந்த ஆசிரிய மாணவர் குழுவில் இருந்தால்?

இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். பார்வையற்ற ஆசிரியர்கள் எங்கள் பாடசாலைகளில் கற்பிக்கிறார்கள். வீடியோவுக்கு ஒரு வர்ணனைக் குரல் தேவை, ஆனால் அது "கண்டவை" நிரலில் நிற்க வேண்டும். "பிள்ளை யன்னலைப் பார்க்கிறாள்" என்று சொல்லலாம், "பராக்காக இருக்கிறாள்" என்று சொல்லக்கூடாது. பேசுவதையே திரையில் எழுத்தாகவும் போட்டால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று பல்லூடகக் கற்றல் பற்றிய ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அது உண்மைதான். ஆனால் கேட்டல் குறைந்தவருக்கு அந்த எழுத்துத்தான் வழி. ஆகவே எழுத்துள்ளது, இல்லாதது என்று இரண்டு பிரதி வைத்திருக்கிறோம்.

புள்ளி எப்படிப் போடுவது?

விடைக்குப் புள்ளி போடாதீர்கள், அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். விடைக்குப் புள்ளி போட்டால் அடுத்த வருடமே விடை கைமாறிவிடும். நான் பார்ப்பது ஒப்படையில் இரண்டு பக்கம்: முதல் நாள் எழுதிய எண்ணம், கடைசி நாள் எழுதிய எண்ணம். இடையில் எது மாறியது, எந்தச் சான்று மாற்றியது என்று விளக்கினால் நல்ல புள்ளி. அதோடு ஒரு புதிய பிள்ளையின் கொப்பிப் பக்கம் ஒன்றைக் கொடுத்து, தனியே "கண்டவை, ஊகங்கள்" எழுதச் சொல்வேன்.

இது உண்மையில் வேலை செய்கிறதா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஒரே பக்கமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். மருத்துவக் கல்வி பற்றிய ஆய்வுகளை 1993இலும் 2003இலும் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்த முறையில் படித்தவர்கள் அறிவைப் பயன்படுத்துவதில் நன்றாக இருப்பதையும், அடிப்படைத் தகவல் பரீட்சைகளில் சிலவேளை கொஞ்சம் பின்தங்குவதையும் கண்டார்கள். கற்றதை நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் கடுமையான விமர்சனம் எழுதினார்கள்: துறைக்குப் புதியவரை வழிகாட்டல் இல்லாமல் விட்டால் மூளைக்குச் சுமை கூடி ஒன்றும் படியாது என்று. மறுவருடமே வந்த பதில், நன்றாக நடத்தப்படும் பிரச்சினைவழிக் கற்றலில் வழிகாட்டல் நிறையவே உண்டு என்றது.

என் பார்வையில் விமர்சனத்தில் பாதி நியாயம். ஒன்றும் தெரியாத முதலாம் வருட மாணவரிடம் சிக்கலான தொகுதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது கொடுமை. கேட்டல், வாசிப்பு, நடத்தை பற்றிய அடிப்படை கொஞ்சம் இருந்த பிறகே பச்சைப் பையைத் திறக்கிறோம். வீடியோவைப் பற்றியும் ஒன்று. அதே கிளார்க் 1983இலேயே, ஊடகம் பலசரக்கைக் கொண்டுவரும் லொறி மாதிரி, சத்து லொறியில் இல்லை, சரக்கில்தான் இருக்கிறது என்று எழுதினார். விலை கூடிய கமராவுக்குப் பணம் கேட்டு வருபவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

ஏற்கனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு?

அவர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் பிரச்சினை அவர்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டு மணித்தியாலச் செயலமர்வில் முழுச் சுற்றும் போக முடியாது. ஒரு கொப்பிப் பக்கம், நாலு நிரல், அவ்வளவும் போதும். இருபது வருட அனுபவமுள்ள ஒரு ரீச்சர் "இப்பிடி ஒரு பிள்ளை என்னட்டை இருந்தது" என்று தொடங்குவார். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

நான் முதல் தொகுதியை எப்படித் தொடங்குவது?

உங்களைக் குழப்பிய ஒரு பிள்ளையிலிருந்து. நீங்கள் தீர்த்துவைத்த பிள்ளை வேண்டாம், ஏனென்றால் அந்தக் கதையை உங்களை அறியாமலே உங்கள் வெற்றிக் கதையாக எழுதிவிடுவீர்கள். மூன்று விளக்கங்களாவது பொருந்தக்கூடியதாக இருக்க வேண்டும். அடையாளங்களை மாற்றுங்கள். ஒரு வீடியோ அல்லது குரல்பதிவு, ஒரு கொப்பிப் பக்கம், வீட்டிலிருந்து ஒரு குரல், ஓர் இடாப்பு என்று நாலு துண்டு எடுங்கள். எந்த ஒரு துண்டும் தனியே விடையைச் சொல்லிவிடக் கூடாது. முடித்ததும் அந்தப் பாடம் தெரியாத ஒருவரிடம், வீட்டில் அண்ணியோ பக்கத்து வீட்டு அக்காவோ, காட்டிப் பாருங்கள். அவர் முதல் நிமிடத்திலேயே சரியான காரணத்தைச் சொன்னால் எங்கோ நீங்கள் விடையைச் சொல்லிவிட்டீர்கள். அந்த இடத்தைத் தேடி வெட்டுங்கள்.